ரூட்டு வரும்

மீஞ்சூர் ஸ்டேஷனில் ரயில் நின்றதும் மூன்றாவது பெட்டியின் வாசலிலிருந்து ஒரு முகம் எட்டிப் பார்க்கும். ஏறுகிறவர்களை அது பார்க்காது. ஏறாதவர்களைத் தேடும். டீக்கடைப் பக்கம், டிக்கெட் கவுண்டர் பக்கம், தண்டவாளத்தைத் தாண்டி ஓடி வருகிறவர்கள் பக்கம் என்று பிளாட்பாரத்தை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை துழாவிவிட்டு, வண்டி நகர்ந்ததும் உள்ளே திரும்பி, "யார்ரா வர்ல?" என்று கேட்கும். அதுதான் எங்கள் தல. வந்தவன் எவனும் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. விடிந்தும் விடியாமலும் எழுந்து, குளித்தும் குளிக்காமலும் வந்து சேர்ந்த எங்களை ஏறிட்டும் பார்க்க மாட்டார். வராதவனுக்குக் காய்ச்சலா, அப்பாவோடு சண்டையா, பஸ் கிடைக்கவில்லையா என்று அத்திப்பட்டு வரைக்கும் விசாரணை நடக்கும். வந்தவனுக்கு ஒரு மரியாதை வேண்டாமா என்று எனக்கு அப்போதே அலுப்பாக இருக்கும்.

இன்றைக்கு அந்த வேலை என் தலையில் வந்து விழுந்திருக்கிறது. அந்தக் காலத்து ரயில் சிநேகிதர்களுக்கு இப்போது ஒரு வாட்ஸாப் குழு உண்டு. அதற்கு நான்தான் அட்மின். காலையில் நாலு பேர் ரோஜாப்பூ போடுவார்கள். மத்தியானம் இரண்டு பேர் அரசியலில் முட்டிக்கொள்வார்கள். யாருக்காவது அப்பாவோ அம்மாவோ தவறிவிட்டால் கூப்பிய கைகள் வரிசையாக வந்து நிற்கும். சாவு வீட்டில் ஒரு கையையும் பார்க்க முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சந்திக்கலாமா என்று நான் எழுதினால் கட்டைவிரல்கள் உயரும். அந்த ஞாயிற்றுக்கிழமை வந்ததும் கட்டைவிரல்காரர்கள் காணாமல் போவார்கள். நான் வேலை பார்ப்பது கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீஸில். யார் வந்தான், யார் வரவில்லை என்று பார்ப்பதே பிழைப்பு. லீவு நாளிலும் அதையே செய்ய வேண்டுமா என்று என் மனைவி கேட்கிறாள். நியாயமான கேள்விதான். இந்த வேலையைச் சம்பளம் இல்லாமல், வாட்ஸாப்பும் இல்லாமல் வருஷக்கணக்கில் செய்துகொண்டிருந்த மனிதரைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தேன்.

ரூட்டு என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் எங்கள் கல்லூரிக்கு நாலா பக்கத்திலிருந்தும் பையன்கள் வருவார்கள். ஒரே தடத்தில் வருகிறவர்கள் ஒரு ரூட்டு. கும்மிடிப்பூண்டி லைன் எங்களுடையது. திருவள்ளூர், கடம்பத்தூர் பக்கமிருந்து அரக்கோணம் லைனில் வருகிறவர்கள் இன்னொரு ரூட்டு. வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்து என் நோட்டைப் பார்த்து எழுதுகிற கடம்பத்தூர்க்காரன், பேசின் பிரிட்ஜ் ஸ்டேஷன் வந்தால் எனக்கு எதிரி. எதற்கு என்று எனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. பெட்டித் தகரத்தில் தாளம் தட்டிக் கானா பாடுவது, முதலாம் வருஷத்துப் பையன்களின் டிபன் பாக்ஸை மூத்தவர்கள் திறந்து மோந்து பார்ப்பது, பொங்கலுக்கு முன்னால் ரயிலுக்கு மாலை போட்டு ஆடுவது, இதெல்லாம் எங்கள் சம்பிரதாயங்கள். பேப்பரில் எங்களை ரவுடிகள் என்று எழுதினார்கள். முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். காய்கறிக் கூடையோடு ஏறும் அம்மாக்கள் எங்களைப் பார்த்ததும் வாய்க்குள் திட்டிக்கொண்டே அடுத்த பெட்டிக்குப் போவார்கள். இப்போது அதே வண்டியில் மாணவர்கள் தகரத்தைத் தட்ட ஆரம்பித்தால் நானும் அடுத்த பெட்டிக்குத்தான் போகிறேன்.

ரூட்டில் யாருக்கும் பெயர் கிடையாது. சேர்ந்த முதல் வாரமே அப்பா அம்மா வைத்த பெயரைக் கழற்றி வைத்துவிட்டு வேறு ஒன்றை மாட்டிவிடுவார்கள். நான் கண்ணாடி. எண்ணூர்ப் பையன் எண்ணூரான். என் வகுப்புத் தோழன் ஒருவன் பழவேற்காட்டிலிருந்து பஸ் பிடித்து பொன்னேரியில் வந்து ஏறுவான், இறால், கருவாடு வியாபாரம் செய்கிற குடும்பம், அவன் பாய். ரூட்டை நடத்துகிறவர் தல. அது ஒரு பதவி. ஒருவர் படிப்பை முடித்து இறங்கினால் அடுத்தவர் அந்தப் பட்டத்துக்கு வருவார். எனக்கு ஒரு வகுப்பு மூத்தவரான எங்கள் தலக்குப் பிறகு வந்தவர்களை நாங்கள் யாரும் தல என்று கூப்பிடவில்லை. பட்டம் அவரோடு ஒட்டிக்கொண்டது. பேசும்போது அவரை 'நீ' என்போம். எழுதும்போது 'அவர்' வருகிறது. தமிழில் இந்த வசதி இருக்கிறது.

அவருடைய ஊர் கவரப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். வீட்டில் அம்மா மட்டும். அம்மா பொன்னேரியில் ஒரு ரைஸ் மில்லில் நெல் காய வைக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அப்பா உயிரோடு இல்லை. பெரியப்பா, சித்தப்பா, மாமன், மச்சான் என்று சொல்லிக்கொள்ள ஒருவரும் இல்லை. இருந்தவர்கள் என்றைக்கோ, எதற்கோ கோபித்துக்கொண்டு விட்டுப் போனவர்கள். அதைப் பற்றி அவர் பேச மாட்டார். தீபாவளி, பொங்கலுக்கு மற்றவர்கள் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய் வந்த கதையைச் சொல்லும்போது அவர் வாசல் பக்கம் திரும்பி நின்றுகொள்வார். இதெல்லாம் எனக்கு அப்போது தோன்றவில்லை. இத்தனை பேர் சுற்றி இருக்கிற மனிதருக்கு ஆள் இல்லை என்று யாருக்குத் தோன்றும்?

படிப்பு முடிந்ததும் ரூட்டு சிதறியது. பாதிப் பேர் சிப்காட்டில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போனார்கள். சிலர் ஹார்பருக்கு, சிலர் அப்பாவின் கடைக்கு, ஓரிருவர் வளைகுடாவுக்கு. தல ஒரு இரும்பு உருக்கும் கம்பெனியில் சேர்ந்தார். உலைக்குப் பக்கத்தில் நிற்கிற வேலை. முகம் எப்போதும் சிவந்து கறுத்திருக்கும். வாரத்தில் கிடைக்கிற ஒரு நாள் லீவில் மனிதர் தூங்க வேண்டாமா? காலை வண்டியில் ஏறிவிடுவார். பெட்டி பெட்டியாக இறங்கி ஏறி, வேலைக்குப் போகிற பழைய முகங்களைத் தேடுவார். சிக்காதவர்களுடைய வீட்டுக்கே போய்விடுவார். எங்கள் வீட்டுக்கு வந்தால் ஒரு டம்ளர் தண்ணீரோடு சரி, நாஷ்டா சாப்பிடச் சொன்னாலும் மறுத்துவிடுவார். எண்ணூரானுக்குக் குழந்தை பிறந்தது, நந்தியம்பாக்கத்தான் வீடு மாறியது, அத்திப்பட்டுக்காரனின் வேலை போனது என்று ஊர்ச் செய்தி வாசித்துவிட்டு, "போய்ப் பாரு அவன" என்று ஒரு கட்டளையும் போட்டுவிட்டுக் கிளம்புவார். அவர் தலை தெரிந்தாலே என் அம்மா, "உன் ரூட்டு வந்துகிது" என்பார். நைட் ஷிப்ட் முடித்துக் கண் எரிய உட்கார்ந்திருக்கும் எனக்கு அவர் பேச்சு காதில் பாதிதான் விழும். செல்போன் கைக்கு வந்த பிறகு இன்னும் பேஜாராகிவிட்டது. அழைத்துவிட்டு, "இன்னா பண்ற? சாப்ட்டியா?" என்பார். அதற்கு மேல் ஒன்றும் இருக்காது. அவர் எண் திரையில் வந்தால் எடுக்காதவர்கள் பெருகினார்கள். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, வீட்டில் இல்லை என்று சொல்லச் சொன்னவர்களும் உண்டு. பதிலுக்கு அவரை யாரும் அழைத்ததாக எனக்கு நினைவில்லை. எப்படியும் அவரே அழைப்பார் என்று எல்லோருக்கும் தெரியும்.

அப்படி இருக்கும்போது அவருக்குக் கல்யாணப் பேச்சு வந்தது. பெண் சிப்காட்டில் வேறொரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்தார். ஷிப்ட் பஸ்ஸில் பழக்கம். இரண்டு பேருக்கும் சம்மதம். பெண்ணுக்கு அப்பா இல்லை; தாய்மாமன்தான் வளர்த்தவர். ஆந்திர எல்லையை ஒட்டிய கிராமத்தில் நெல் வயல் வைத்திருக்கிற மனிதர். பேசி முடிக்க மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்களாகத் தல கூட்டிக்கொண்டு போனது யாரை என்கிறீர்கள்? என்னையும் பாயையும். நாங்கள் மீசையைத் தடவிக்கொண்டு போய் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தோம். தலயின் அம்மா ஓரமாகத் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

மாமன் எங்களை மாற்றி மாற்றிப் பார்த்தார். "மாப்ள ஊட்டு பக்கம் பேச வந்தவங்க இவங்கதானா நைனா?"

"மத்தவங்க வேலைக்குப் போய்க்கிறாங்க மாமா," என்றார் தல.

"சொந்தம்னு யாரு கீறாங்க?"

"ரூட்டு கீதுங்க."

"ரூட்டுன்னா எந்த ஊரு?"

"ஒரு ஊரு இல்லீங்க. கும்முடிப்பூண்டிலருந்து மூர்மார்க்கெட்டு வரிக்கும்."

எங்கள் ரயில் தடத்தின் இரண்டு முனைகளைத்தான் தல சொன்னார். மாமன் தலையை ஆட்டிக்கொண்டார். ஏதோ பெரிய குடும்பத்தின் பெயர் என்று நினைத்திருப்பாரோ என்னவோ. பாய் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான். மாமன் சிரிக்கவில்லை. அவர் கேட்டது எனக்கு இன்றைக்கும் அப்படியே நினைவிருக்கிறது. "டப்பு, நகை எதுவும் நான் கேக்கல நைனா. நீ உழைக்கறவன்னு பாத்தாலே தெரியுது. ஆனா இந்தப் பொண்ணுக்கு அப்பன் இல்ல. நாளைக்கு உங்களுக்குள்ள ஒண்ணுன்னா நான் யாரை வந்து கேக்கறது? உனக்கே ஒண்ணுன்னா இவ யாராண்ட போயி நிப்பா? நாலு பேரு வோணும்ல."

தல எழுந்து நின்றார். "கல்யாணத்துக்கு ரூட்டு வரும் மாமா. நீங்களே பாத்துக்கங்க."

"வரட்டும். பாத்துட்டுத்தான் தாலி," என்றார் மாமன். கோபமாகச் சொல்லவில்லை. விலை பேசி முடித்த நெல்லை, மூட்டை பிரித்துப் பார்த்துத்தான் வாங்குவேன் என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னார். திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் மனசுக்குள் ஆட்களை எண்ணிப் பார்த்தேன். யார் யார் போனை எடுப்பதில்லை என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியாமல் இருக்காது.

பெண் வீட்டில் அடித்த பத்திரிகையில் எங்கள் பங்குக்கு ஒரு சிறிய கட்டுத்தான் வந்தது. அதை அம்மா தெருக்காரர்களுக்கும் மில்லுக்கும் கொடுத்துவிட்டார். ரூட்டுக்கு எதற்குப் பத்திரிகை, வாயால் சொன்னால் போதாதா என்பது தலயின் கட்சி. போனில் கிடைத்தவர்களிடமெல்லாம் தேதியைச் சொன்னார். மற்ற விவரத்தை எஸ்.எம்.எஸ்ஸில் போடும் பொறுப்பு பாயிடம் வந்தது. பாய்க்கு அதில் எழுத்தெண்ணிச் செலவு செய்கிற வியாபாரி புத்தி. 'தல கல்யாணம். ஞாயிறு காலை. பொன்னேரி. ஸ்டேஷன்ல எறங்கி நேரா வந்தா மண்டபம். எல்லாரும் வரணும்.' அவ்வளவுதான். மாப்பிள்ளை பெயர் இல்லை, மண்டபத்தின் பெயரும் இல்லை. எங்களில் யாருக்கும் அதில் ஒரு குறையும் தெரியவில்லை. தல என்று போட்ட பிறகு பெயர் எதற்கு? அந்தச் செய்தி ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு லைன் முழுக்கப் போனது.

அது நல்ல முகூர்த்த நாள். பொன்னேரியில் எந்த மண்டபமும் காலியாக இல்லை. எங்கள் மண்டபத்தில் பெண் வீட்டுப் பக்கம் நாற்காலி போதாமல் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் அம்மா, மில்லிலிருந்து வந்த சில பெண்கள், கம்பெனி சூப்பர்வைசர் ஒருவர், நான், பாய். மீதி நாற்காலிகளின் மேல் மின்விசிறி காற்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பட்டு வேட்டியும் மாலையுமாகத் தல மணையில் உட்கார்ந்திருந்தார். ஐயர் சொல்கிற மந்திரத்தை வாய் சொல்லிக்கொண்டிருந்தது, கண் வாசலில் இருந்தது.

மாமன் என் பக்கத்தில் வந்து நின்றார். "ரூட்டு எப்போ வரும் தம்பி?"

"அடுத்த வண்டிக்கு வந்துடும்ங்க."

அடுத்த வண்டி வந்தது. ஹாரன் சத்தம் மண்டபத்துக்குள் கேட்டது. நான் வாசலுக்குப் போய் நின்றேன். யாரும் வரவில்லை. போன் போட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது, எவனும் எடுக்கவில்லை. எனக்கு எல்லார் மேலும் ஆத்திரம் வந்தது. மாமன் ஐயரிடம் குனிந்து, "கொஞ்சம் மெதுவா ஆவட்டும்," என்று சொன்னதைப் பார்த்தேன். பெண் வீட்டுப் பெண்கள் எங்கள் பக்கத்து நாற்காலிகளைப் பார்த்துவிட்டு ஒருவர் காதில் ஒருவர் பேசினார்கள். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துத் துடைத்து, துடைக்க ஒன்றுமில்லாமல் போன பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. எங்கிருந்தோ தாளம். தகரத்தில் உள்ளங்கையும் விரல்களும் மாறி மாறி விழுகிற, எங்கள் மூன்றாவது பெட்டிக்கே சொந்தமான அடி. வந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். ஆனால் அது கிட்ட வரவே இல்லை, ஒரே இடத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது. தல மணையிலிருந்து என்னை ஜாடையாகக் கூப்பிட்டார். "கண்ணாடி, அது நம்ம ஆளுங்கடா. எங்கியோ பூந்துட்டானுங்க. போய்ப் பாரு." நான் நகர்வதற்குள் பாய் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினான்.

நடந்தது இதுதான். பாய் பின்னால் எங்களுக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான், அன்றைக்குச் சிரிக்கவில்லை. ஸ்டேஷனிலிருந்து நேரே வந்தால் எங்கள் மண்டபத்துக்கு முன்னாலேயே இன்னொரு மண்டபம். அதன் வாசலில் ஆள் உயரத்தைத் தாண்டிய ஃபிளெக்ஸ். கூலிங் கிளாஸ் போட்ட மாப்பிள்ளை. மேலே கொட்டை எழுத்தில், 'எங்கள் தல இல்லத் திருமணம்.' அந்த நாளில் ஊருக்கு நாலு தல இருந்தார்கள். ஃபிளெக்ஸில் போட்டால் எல்லா மாப்பிள்ளையும் ஒரே வெள்ளையாகத்தான் இருப்பான், அதிலும் கண்ணாடி போட்டவனை யார் அடையாளம் காண்பது? கீழே மாப்பிள்ளையின் முழுப் பெயரும் இருந்தது. அதைப் படித்தவர்கள், ஓகோ இதுதான் தலயின் பெயரா என்று நினைத்துக்கொண்டார்களாம். உள்ளே போனார்கள். பன்னீர் தெளித்தார்கள், சந்தனம் கொடுத்தார்கள், பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் என்றும், மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டு ஆட்கள் என்றும் நினைத்து உபசரித்துப் பந்தியில் உட்கார வைத்தார்கள். இட்லி, பொங்கல், வடை, கேசரி எல்லாம் ஆயிற்று. சாப்பிட்ட தெம்பில் ஒரு தகர மேஜையைத் தட்டிப் பாட ஆரம்பித்திருக்கிறார்கள். மேடையில் மாப்பிள்ளை வந்து உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றியபோதுதான் எண்ணூரானுக்கு விளங்கியிருக்கிறது. பாயும் அந்த நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தான்.

பாய் முன்னால் வர, அவர்கள் எங்கள் மண்டபத்துக்குள் நுழைந்தார்கள். என் கண்ணை என்னால் நம்ப முடியவில்லை. அத்தனை பேர். போனை எடுக்காதவன், ஒளிந்துகொண்டவன், லீவு கிடைக்காது என்றவன், ஷிப்ட் முடிந்து யூனிபாரத்தோடு வந்தவன். எங்கள் பக்கத்து நாற்காலிகள் நிரம்பி, சுவர் ஓரமாகவும் நின்றார்கள். மாமன் முகம் மலர்ந்து, இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு எதிரே போனார். போனவர் பாதியில் நின்றுவிட்டார். வந்தவர்களின் நெற்றியில் ஏற்கனவே சந்தனம் இருந்தது. கையில் ஆளுக்கொரு மஞ்சள் தாம்பூலப் பை. பையில் வேறு யாரோ ஒரு மாப்பிள்ளை, வேறு யாரோ ஒரு பெண்ணின் பெயர்கள்.

மாமன் முன்னால் நின்ற எண்ணூரானின் பையைப் பிடித்து நிதானமாகப் படித்தார். "எங்க சாப்ட்டு வரீங்க?"

எண்ணூரான் விழித்தான். "அது வந்து... பக்கத்து மண்டபத்துல. தெரியாம."

"இங்க மாப்ள பேரு இன்னா?"

"தல."

"பேரைக் கேட்டேன்."

எண்ணூரான் பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தான். மாமன் அவனிடம் நகர்ந்தார். அவனும் 'தல' என்றான். அடுத்தவனும் அதையே சொன்னான். கொஞ்சம் படித்த களையாக இருந்த ஒருவன், ஃபிளெக்ஸில் பார்த்த பெயரைச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. அதுவும் அன்று காலை மண்டப வாசல் பலகையில் படித்துத்தான். அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் எங்கள் ரூட்டிலேயே பாதிப் பேருக்கு இது யாரைப் பற்றிய கதை என்று தெரியாது.

மாமன் மேடைக்கு முன்னால் போய் நின்றார். மேளக்காரர்கள் தாங்களாகவே நிறுத்திவிட்டார்கள். "எல்லாருக்கும் ஒரே பாடமா சொல்லிக் குடுத்துக் கூட்டியாந்துகிறியா நைனா?" என்றார். "ஆளு இல்லன்னா இல்லன்னு சொல்லியிருக்கலாம். கல்யாண ஊடு கல்யாண ஊடா சாப்ட்டுத் திரியறவங்கள புடிச்சாந்து ஒக்கார வெச்சா, நான் இன்னான்னு நெனைக்கறது?"

தல எழுந்தார். மணையை விட்டு எழக் கூடாது என்று ஐயர் பதறினார். மாலையோடு, ஈர நெற்றியோடு, அவர் படி இறங்கி எங்கள் பக்கம் வந்தார். எண்ணூரானின் தோளில் கை வைத்தார்.

"இவன் பேரு கோதண்டம் மாமா. எண்ணூரு. இவங்க அப்பா போன ஐப்பசில தவறிட்டாரு. அதுலருந்து கடலுக்கு இவன்தான் போறான். இவன் சம்பத்து, நந்தியம்பாக்கம். இவன் பொண்ணுக்குக் காது சரியா கேக்காது, மாசாமாசம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போறான். இவன் தாமஸு. அத்திப்பட்டு. வேல போயி இப்பத்தான் வேற எடத்துல சேந்துகிறான். முதுகு வலிக்காரன், ரொம்ப நேரம் நிக்க முடியாது. டேய், ஒக்காரு."

ஒவ்வொரு நாற்காலியாக வந்தார். பெயர், ஊர், வீட்டில் யாருக்கு என்ன. நாங்களே ஒருவரைப் பற்றி ஒருவர் அறியாதது எல்லாம் அவர் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது. தாமஸ் என்று ஒருவன் எங்களோடு இத்தனை வருஷம் இருந்தான் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அவனை நான் முதுகு என்றே கூப்பிட்டு வந்திருக்கிறேன். ஒருவன் முன்னால் வந்ததும் தல லேசாகச் சிரித்தார். "இவன் கொருக்குப்பேட்ட. நான் போனா ஊட்ல இல்லன்னு சொல்லச் சொல்லுவான். உள்ள இவன் இருமறது எனக்குக் கேக்கும். இன்னிக்கு வந்துகிறான் பாருங்க." அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். கடைசி வரிசை முடிந்ததும் வழக்கப்படி யார் வரவில்லை என்று பார்த்தார். வராதவர்களின் பெயரையும், ஏன் வர முடியவில்லை என்பதையும் மாமனிடம் சொன்னார். மண்டபத்தில் ஒரு குழந்தை மட்டும் அழுதுகொண்டிருந்தது.

மாமன் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். கோபம் போயிருந்தது. உண்மையாகவே விளங்காமல் கேட்டார். "இத்தினி பேரு பேரும் உனக்குத் தெரிஞ்சிகிது. உன் பேரு இவங்க ஒருத்தனுக்கும் தெரியலியே. அது எப்டி நைனா?"

"கூப்புட வேண்டிய வேலையே அவங்களுக்கு வர்ல மாமா," என்றார் தல. "நான்தானே எல்லாரையும் கூப்புடுவேன்."

குறையாகச் சொல்லவில்லை. எங்களைக் காப்பாற்றச் சொன்னார், அவ்வளவுதான். எண்ணூரான் சந்தன நெற்றியோடு அழுதுகொண்டு நின்றான். மாமன் எங்கள் எல்லோரையும் ஒரு முறை பார்த்தார். பிறகு மேடைப் பக்கம் திரும்பி, "ஆவட்டும் ஐயரே," என்றார். தாலி கட்டி முடிந்ததும் மாமனே முன்னால் நின்று எங்களைப் பந்திக்கு அழைத்துப் போனார். பக்கத்து மண்டபத்தில் கழுத்து வரைக்கும் தின்றுவிட்டு வந்தவர்கள், ஒருவன்கூட மூச்சு விடாமல், இலையில் வைத்ததையெல்லாம் மறுபடி ஒரு முறை சாப்பிட்டார்கள்.

அதற்கப்புறம் வழக்கமான வாழ்க்கைதான். சில வருஷம் கழித்து சிப்காட்டில் மந்தம் வந்தது. ஆர்டர் இல்லை என்று கான்ட்ராக்ட் ஆட்களை முதலில் நிறுத்தினார்கள். தலயின் வேலை போயிற்று. மாமனுக்கு வயதாகிவிட்டதால் அவருடைய நிலத்தைப் பார்த்துக்கொள்ளக் குடும்பத்தோடு அந்தக் கிராமத்துக்கே போய்விட்டார். ரயில் இல்லாத ஊர். முதலில் வாரா வாரம் அழைத்துக்கொண்டிருந்தவர் மாதத்துக்கு ஒரு முறை என்றானார். பிறகு பண்டிகைக்கு. பிறகு அதுவும் நின்றது. எப்போது நின்றது என்று யாராலும் சொல்ல முடியாது. வாட்ஸாப் குழு ஆரம்பித்தபோது அவரைத்தான் முதலில் சேர்த்தேன். எல்லாவற்றையும் படிக்கிறார் என்று நீலக் கோடு காட்டும். ஒரு வார்த்தை எழுத மாட்டார். விரலால் தட்டுகிற வேலை அவருக்கு வரவில்லை என்று பாய் சொல்கிறான். இருக்கலாம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மீஞ்சூரில் சந்திப்பு என்று போட்டிருந்தேன். கட்டைவிரல்கள் வழக்கம்போல. வந்தது நானும் பாயும். பாய்க்கு இப்போது தாடி நரைத்துவிட்டது. டீ குடித்துவிட்டு, "நமக்கு எதுக்குபா இந்த வேல? குழுவ மூடிட்டுப் போயி படு," என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினான். அவன் சொன்னது சரிதான். நான் பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து போனைக் கையில் எடுத்தேன். குழுவைக் கலைக்கத்தான் எடுத்தேன். அதற்கு முன்னால் ஒரு தடவை அவரிடம் கேட்டுவிடலாம், எப்படி இத்தனை வருஷம் சலிக்காமல் செய்தாய் என்று. எண்ணை அழுத்திய பிறகுதான், இதுவரை அவரை நானாக அழைத்ததே இல்லை என்பது உறைத்தது.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார். பின்னால் பம்புசெட் இரைந்துகொண்டிருந்தது. ஹலோகூடச் சொல்லவில்லை.

"யாருக்குடா இன்னா ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆவல தல."

"அம்மா நல்லாக்கிறாங்களா? புள்ளைங்க?"

"எல்லாரும் நல்லாக்கிறாங்க."

"பின்ன இன்னாடா?"

கேட்க வந்த கேள்வி எனக்கு மறந்துபோயிற்று. "சும்மாதான் தல. சும்மா கூப்ட்டேன்."

"சும்மாவா?" என்றார், சரியாகக் காதில் விழவில்லை என்பதுபோல.

"ஆமா தல."

"இரு இரு. வெச்சிடாத," என்றார். "மோட்டார நிறுத்திட்டு வந்துடறேன்."